ஆனைப்பாரில் ஒரு கூடை

அது காலுல மாட்டிக்கிட்டு நீந்துறதுதானே தம்பி, பைக்குள்ளேருந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கே? நினைச்சேன். உள்ள வாங்க, நனையாதீக. மழை விட்டாத்தான் ராமநாதபுரம் பஸ்ஸு வரும். இது ஐஸ் கம்பெனி. நான்தான் வாட்ச்மேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

பவளப்பாறை படிக்கிறீகளா? மூஞ்சியிலயே எழுதியிருக்கு. மூக்குத் தோலு உரிஞ்சிருக்கு, கண்ணாடி மாட்டின தடம் கண்ணைச் சுத்திக் கிடக்கு. டீச்சருக்கும் இப்படித்தான் கிடக்கும். என்ன படிக்கிறீக, பாறையா, உள்ள இருக்கிற பாசியா? ரெண்டும் சேந்தா? அப்ப நீங்க நம்ம ஆளு.

சிரிக்காதீக. வாட்ச்மேனுக்கு என்ன தெரியும்னு பாக்குறீக. எனக்குத் தெரியும் தம்பி. எம்.எஸ்சி. படிச்ச பிள்ளைகளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். நான் பொய் சொல்ல மாட்டேன்.

என் பேரு நம்புவேல். இங்கேருந்து மேக்க ஆறு கிலோமீட்டர்ல ஊரு. முந்தி சொந்தமா ஃபைபர் படகு வச்சிருந்தேன். ஏழு வருசத்துக்கு முந்தி இந்தக் கரையில செண்பகா டீச்சருக்குப் படகு ஓட்டினவன் நான்தான். கோவில்பட்டிக்காரக. பி.எச்டி பண்ண வந்தாக. கடலே பாக்காத ஊர்லேருந்து வந்து, ஒரே மாசத்துல மீன் மாதிரி நீந்துனாக. அவுகளே படிக்கிற பிள்ளைதான், ஆனா பாடமும் எடுத்தாக. காலேஜ்லேருந்து பன்னெண்டு பன்னெண்டு பேராப் பிள்ளைகளைக் கூட்டியாந்து படகுலயே வகுப்பு நடத்துவாக. அதான் டீச்சர்னு பேரு வச்சேன். நான் வச்ச பேருதான். அப்புறம் ஊரே அப்படிக் கூப்பிட்டுச்சு.

ஞாயித்துக்கிழமைன்னா எங்க ஊரு மீன் ஏலக் கொட்டகையில மைக்ராஸ்கோப்பை வச்சுக்கிட்டு உக்காந்துருவாக. வாறவுக போறவுக எல்லாரும் பாக்கலாம். எங்க அப்பன் காலத்துல சுண்ணாம்புக்கு வெட்டியெடுத்த கல்லு தம்பி அது. 'இது கல்லு இல்லைண்ணே, உயிரு'ன்னாக. யாரு நம்புவா? கண்ணை வச்சேன். பூ மாதிரி ஒரு வாயி. வாயைச் சுத்திக் குட்டிக்குட்டியா விரலு. விரலுக்குள்ள தேன் நிறத்துல பொடிப்பொடியா உருண்டை. அதுதான் பாசின்னாக. பவளத்துக்கு உள்ளயே குடியிருக்கு. வெயிலை வாங்கிச் சோறு பொங்குது. பொங்குனதுல முக்காவாசியைக் குடியிருக்கிற வீட்டுக்கே குடுத்துருது. வீடு அதுக்குப் பதிலா இடம் குடுக்குது, தன்னோட கழிவை உரமாக் குடுக்குது. ஒண்ணை விட்டு ஒண்ணு இல்லை.

சரியாச் சொல்றேனா? பாத்தீகளா.

சித்திரை வெயில்ல தண்ணி கொதிக்குமில்ல, அப்ப அந்தப் பாசிக்கே கோளாறு வந்துருது. அது பொங்குற சோத்தோட சேந்து விஷமும் வருது. வீட்டுக்காரன் என்ன பண்ணுவான்? பிடிச்சு வெளிய தள்ளிருவான். தள்ளினா நிறம் போயி வெளுத்துரும். வெளுத்தது செத்ததுன்னு அர்த்தம் இல்லை, பட்டினி கிடக்குன்னு அர்த்தம். தண்ணி சீக்கிரம் குளுந்தா பாசி திரும்ப வரும். டீச்சர் படிச்சது இதைத்தான். திரும்பி வாறது பழைய பாசியா, வேற பாசியா? ஒரு வகை நிறையக் குடுக்கும், சூடு வந்தா நிக்காது. இன்னொரு வகை கொஞ்சமாத்தான் குடுக்கும், ஆனா எந்தச் சூட்டுலயும் நிக்கும்.

'நான் ரெண்டாவது வகை டீச்சர்'னு ஒரு நாள் சொன்னேன். சிரிச்சாக. அப்படிச் சிரிச்சாக.

ஆனைப்பாருன்னு ஒரு பாரு, கடலுக்கடியில இருக்கிற பவள மேடு. கரையிலேருந்து முக்கா மணி நேரம். அங்க அறுபது பவளத்தைத் தேந்தெடுத்து, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் நம்பர் போட்ட மஞ்சள் அட்டை கட்டினோம். கட்டினோம்னா, டீச்சரும் நானும். மாசா மாசம் ஒவ்வொண்ணுலயும் நகத்தளவு ஒடிச்சு, வெளிச்சம் படாத பெட்டியில போட்டு எடுத்துக்கிட்டுப் போவாக. ரெண்டு வருசம் தம்பி. நாப்பத்தி மூணாம் நம்பர் எங்க இருக்குன்னு கேட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு முங்குவேன்.

அந்த அறுபதும் என் பொறுப்புன்னு நானா எடுத்துக்கிட்டேன். யாரும் சொல்லலை. அதான் விசயம். சொல்லாமலே செய்யிறவன் நான்.

ஒரு தடவை எம்.எஸ்சி. பையன் ஒருத்தன், பிரணவ்னு பேரு. வெள்ளைத்தோலு, வசதியான வீட்டுப் பையன். தண்ணிக்குள்ள களைச்சுப் போயி, பதினேழாம் நம்பர் மேல ஏறி நின்னுட்டான். மான்கொம்புப் பவளம். கிளை மளமளன்னு ஒடியுது, எனக்கு மேல கேக்குது. குதிச்சு, தலைமுடியைப் பிடிச்சுப் படகுக்கு இழுத்துக்கிட்டு வந்து ஒண்ணு வச்சேன். ஒண்ணுதான். உதடு கிழிஞ்சு பல்லு வெளிய தெரிஞ்சுச்சு. பன்னெண்டு பிள்ளைகளும் கப்சிப். அன்னைக்கு மாதிரி அமைதியா ஒரு வகுப்பு நடந்ததே இல்லை.

டீச்சர் அவன் உதட்டைத் தன் துண்டால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, 'மன்னிச்சுக்கப்பா'ன்னு அவன்கிட்டச் சொன்னாக. கரைக்கு வந்ததும் என்னைத் தனியாக் கூப்பிட்டாக. 'அண்ணே, இனிமே என் பிள்ளைகள் மேல கை வைக்கக் கூடாது. அடிச்சுச் சொல்லிக் குடுக்கிற எடத்துல நான் பாடம் எடுக்க மாட்டேன்'னாக. பிள்ளைகள் தூரத்துலேருந்து பாத்துக்கிட்டு இருக்கில்ல, அப்படிச் சொல்லித்தானே ஆகணும்? நானும் தலையாட்டினேன். ஆனா பாருங்க, அதுக்கப்புறம் ஒரு பயலும் பவளத்து மேல காலு வைக்கலை.

அப்புறம் கிழக்குத் தெருக்காரன் ஒருத்தன் ஆனைப்பாருக்கு மேலயே வலையைப் போட்டான். வலையை அறுத்துக் கடல்ல விட்டேன். கேக்க வந்தான். முன்பல்லு ரெண்டையும் கரையிலேயே விட்டுட்டுப் போனான். இதை நான் டீச்சர்கிட்டச் சொல்லலை, பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்னு. யாரோ சொல்லிட்டாக. பத்து நாளு டீச்சர் வரலை. அப்புறம் பாத்தா, ராசன் வள்ளத்துல ஆனைப்பாருக்குப் போயிட்டு வாறாக. ரெண்டு தடவை.

ராசன் யாருன்னா, என் பொண்டாட்டி முனீசோட தம்பி. எனக்கு மாப்ளை. நண்டு வலை போடுறவன். வாயில்லாப்பூச்சி. ஏலக் கொட்டகையில டீச்சர் பாடம் சொல்றப்ப கடைசித் தூணுல சாஞ்சுக்கிட்டு நிப்பான். ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்றப்ப அவன் வெறுமனே பாத்துக்கிட்டு நிப்பான். அவன் வள்ளத்துல ஏன் போனாகன்னு யோசிச்சேன். என் எஞ்சின்ல புகை கூட வந்துச்சு அந்தச் சமயம். அதான்னு நினைச்சு எஞ்சினைப் பிரிச்சு மாட்டினேன். வீட்டுல போயி முனீசை ரெண்டு சாத்துச் சாத்தினேன், 'உன் தம்பியை அவன் வேலையைப் பாக்கச் சொல்லு'ன்னு. வேற யாருகிட்டச் சொல்றது?

டீச்சர் திரும்ப என் படகுக்கு வந்தாக. ராசனுக்கு நண்டு சீசன் வந்துருச்சு, அதனால. வந்தாகளா இல்லையா? அதான் பேச்சு.

டீ குடிக்கிறீகளா? பிளாஸ்க்குல இருக்கு. வேணாமா. சரி.

அந்தப் பங்குனி கடைசியில, எங்க ஊரு டீக்கடையில ரெண்டு பேரு உக்காந்திருந்தாக. வெளியூரு. வேனு நிறைய ஐஸ் பெட்டி. நல்ல மனுசங்க. 'அண்ணே, டீச்சர் கூடப் போறீகளாமே, கடலுக்கடியில என்னண்ணே இருக்கு'ன்னு கேட்டாக. எங்க ஊருக்காரன் ஒருத்தன்கூட அப்படிக் கேட்டதில்லை தம்பி. நான் எல்லாத்தையும் சொன்னேன். பவளம், பாசி, வெளுக்கிறது, எல்லாம். 'ஆனைப்பாருல மஞ்சள் அட்டை கட்டியிருக்கிற பக்கம் பாத்தா அசந்துருவீக, ரெண்டு வருசமா நான் ஒருத்தனையும் வலை போட விடலை, ஓரா மீனும் விளமீனும் திருவிழாக் கூட்டம் மாதிரி நிக்குது'ன்னேன். எந்தப் பக்கம்னு கேட்டாக. டீக்கிளாஸை வச்சு மேசையிலயே படம் போட்டுக் காட்டினேன். ஆர்வமாக் கேட்டாக. வடையெல்லாம் வாங்கிக் குடுத்தாக. கத்துக்கணும்னு நினைக்கிறவனுக்குச் சொல்லிக் குடுக்கிறதுல இருக்கிற சந்தோசமே தனி. டீச்சருக்கு ஏன் பாடம் எடுக்கிறதுன்னா அவ்வளவு பிடிக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

அதுக்கப்புறம் ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும். மீன் பிடிக்க வெடி போட்டுட்டானுக.

காலையில ஏழு மணி. நான் கரையில டீச்சருக்காகக் காத்திருக்கேன். ரெண்டு சத்தம். இடி மாதிரி மேலேருந்து வராது தம்பி அது, உள்ளங்கால் வழியா வரும். டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியாறாக. அவுக ஏறினதும் படகைக் கிளப்பினேன்.

முக்கா மணி நேரம். அவ்வளவு நேரமும் டீச்சர் படகு மூக்குல நின்னுக்கிட்டே வந்தாக.

நீங்க வெடி போட்ட பாரைப் பாத்திருக்க மாட்டீக. பாக்கவும் வேணாம். தண்ணி பாலாக் கிடக்கு. மீனெல்லாம் வயித்தை மேல காட்டிக்கிட்டு மிதக்குது. மிதக்கிறது கொஞ்சம்தான், முங்கிப்போனது அதைப்போல நாலு பங்கு. கையில எடுத்தா ஈரத்துணியாத் தொங்கும், நடு எலும்பு பொடிப்பொடியா நொறுங்கிப் போயிருக்கும். சிலதுக்குக் கண்ணு வெளிய வந்து நிக்கும். ஒரு கிளிமீனு, வயிறு பிளந்து குடல் எல்லாம் வெளிய, இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடுது. அடியில பாத்தா நடுவுல பெரிய பள்ளம். மூளைப் பவளம் ரெண்டாப் பிளந்து கிடக்கு. மான்கொம்பு எல்லாம் சுள்ளியாக் கிடக்கு. ரெண்டு வருசம் தம்பி. நாப்பத்தி மூணாம் நம்பர் இருந்த இடத்துல மணலு.

டீச்சர் அழலை. வாயை மட்டும் கையால பொத்திக்கிட்டாக.

அப்பத்தான் பாக்குறேன், பாருக்கு அந்தப் பக்கம் ராசனோட வள்ளம். தூரத்துல மேக்கால ஒரு ஃபைபர் படகு போயிக்கிட்டு இருந்துச்சு, அது எதுக்கோ போகுது, கடலுன்னா நாலு படகு போகத்தான் செய்யும். ராசன் தண்ணியிலேருந்து எந்திரிக்கிறான். கையில கூடை. வள்ளத்துலயும் கூடை. ஈரச் சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கான். எனக்கு ஒண்ணு சொல்லுங்க, நேர்மையான வேலைன்னா எதுக்கு மூடணும்?

பக்கத்துல போயி நிறுத்தினேன். அவன் கையில இருந்த கூடையை வள்ளத்துல வச்சுட்டு, என் படகு ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்க, 'மச்சான், வெடி போட்டுட்டாக மச்சான், டீச்சர்கிட்ட...'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் துடுப்பை எடுத்தேன்.

முதல் அடி கை விரலு மேல. முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு. அவன் பிடியை விடலை. விட்டிருந்தா அதோட போயிருக்கும். ரெண்டாவது அடிக்கு விட்டான். மூணாவது அடி மூஞ்சியில. துடுப்போட விளிம்பு தம்பி. கண்ணுல பட்டுச்சு. இங்க. தண்ணியில ரத்தம் விழுந்தா உடனே கரையாது, நூலு நூலா நிக்கும், புகை மாதிரி. அவன் கத்தலை. முங்கி முங்கி எந்திரிச்சான். நான் இன்னும் ஓங்கினேன், நான் பொய் சொல்ல மாட்டேன், எத்தனைன்னு எண்ணலை. டீச்சர் 'விடுங்கண்ணே, விடுங்கண்ணே'ன்னு என் கையில தொங்குனாக. அவுகளுக்கும் அவ்வளவு கோவம், என்ன பேசுறோம்னு தெரியாம கத்துறாக. அப்ப வழுக்கி விழுந்துட்டாக. எஞ்சின் மேல. மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. படகுல தண்ணி கிடந்தா வழுக்கத்தான் செய்யும். நான் கையை உதறினது உண்மைதான், ஆனா அதுக்காக விழலை. வழுக்கித்தான் விழுந்தாக. கோர்ட்டுலயும் இதைத்தான் சொன்னேன்.

ஒத்தைக் கையால அவனை இழுத்துப் படகுல போட்டாக. கோவில்பட்டிப் பிள்ளை, இம்புட்டு உடம்பு. எங்கேருந்து அந்தப் பலம் வந்துச்சுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. 'ஓட்டுங்க'ன்னாக என்னைப் பாத்து. அண்ணேன்னு சொல்லலை. 'வள்ளத்தையும் கட்டி இழுத்துக்கிட்டு ஓட்டுங்க.' ஓட்டினேன். அவுக சொன்னா நான் எதையும் செய்வேன்.

அவன் தலையை மடியில வச்சிருந்தாக. துணி எல்லாம் ரத்தம். வள்ளத்துலேருந்து அந்தக் கூடைகளை நம்ம படகுக்கு மாத்தியிருந்தாக. ராசன் முனகிக்கிட்டே வந்தான். எனக்கு எஞ்சின் சத்தத்துல காது கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டான் போல. 'டீச்சர், சாக்குல தண்ணி தெளிங்க டீச்சர், காஞ்சுரும்'னான். கண்ணு போயி, விரலு போயி, அப்பவும் கூடை மேலயே நினைப்பு. எவ்வளவு பேராசை பாருங்க.

டீச்சர் சாக்கை விலக்கினாக. நானும் எட்டிப் பாத்தேன். மீனு இல்லை.

பவளம். ஒடிஞ்ச பவளம். மஞ்சள் அட்டையோட, ஒவ்வொண்ணும். வாயிப்பக்கம் மேல இருக்கிற மாதிரி, ஒண்ணோட ஒண்ணு உரசாம, நடுவுல ஈரத்துணி வச்சு அடுக்கியிருந்துச்சு. டீச்சர் ஏலக் கொட்டகையில சொல்லிக் குடுத்தாக, ஒடிஞ்சதை எப்படிப் பிழைக்க வைக்கிறதுன்னு. அப்படியே அடுக்கியிருந்துச்சு. முப்பத்தி ஒண்ணு.

திருடுறவன் அப்படி அடுக்க மாட்டான்னு எனக்கும் தெரியும் தம்பி. ஜெயில்ல அதை நினைச்சுப் பாத்திருக்கேன். ரொம்ப நாளு நினைச்சுப் பாத்திருக்கேன். ஆனா ஏன் இருக்கக் கூடாது? அட்டையை எடுத்துட்டா வெடி போட்டது எந்த இடம்னு யாருக்கும் தெரியாது. தடயத்தை அழிக்கத்தான் எடுத்தான். இல்லைன்னா வெடி போட்ட இடத்துல அவனுக்கு என்ன வேலை? பக்கத்துல நண்டு வலை எடுத்துக்கிட்டு இருந்தேன், சத்தம் கேட்டு வந்தேன்னு பின்னால சொன்னான். சொல்லத்தானே செய்வான்.

இல்லையா? நீங்க என்ன சொல்றீக?

சரி, கேளுங்க.

கரைக்கு வந்ததும் ஊரு கூடிருச்சு. என் மாமனாரு வீட்டு ஆளுக என்னை மணல்ல போட்டு மிதிச்சானுக. விலா எலும்பு ரெண்டு போச்சு. இந்தக் காது அன்னைக்கிலேருந்து மந்தம். என் படகுல டீசலை ஊத்திக் கொளுத்தினானுக. ஃபைபர் எரியிறப்ப ஒரு கருகல் வாடை வரும், தொண்டையிலயே நிக்கும். முனீசு அந்த நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்னா. ஓடிவந்து தடுப்பான்னு பாத்தேன். தடுக்கலை. தம்பியோட ஆம்புலன்ஸ்ல ஏறினவ, திரும்பி வீட்டுக்கு வரவே இல்லை. பவளம் மாதிரி நானும் வெளுத்துப் போனேன்னு வச்சுக்கங்க. தப்பு யாரு பேர்ல? சூடு பேர்ல. டீச்சரே சொல்லியிருக்காக, தள்ளிவிட்ட பவளத்தைக் குத்தம் சொல்ல முடியாதுன்னு. நான் கை நீட்டினதும் அந்தச் சூட்டுலதான். அதைச் சட்டம் எங்க பாக்குது.

கோர்ட்டுக்கு டீச்சர் வந்தாக. மணிக்கட்டுல கம்பி வச்சுத் தச்ச தழும்பு. வக்கீலு கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாக. யாரு அடிச்சது? இவரு. எதுக்கு அடிச்சாரு? தெரியாது. அவரு உங்களைத் தள்ளினாரா? தள்ளினாரு. அவுகளை அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டியிருப்பாக. என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலை. என்னைப் பாத்தா அழுகை வந்துரும்னு பயம்.

கூண்டுல நின்ன எனக்குப் பொறுக்கலை. நாலு வருசமோ அஞ்சு வருசமோ போடப் போறாக, அது கிடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு தெரியணும். 'டீச்சர், அந்த முப்பத்தி ஒண்ணும் என்ன ஆச்சு டீச்சர்?'னு கத்திட்டேன். ஜட்ஜு மேசையைத் தட்டினாரு. போலீஸ்காரன் தோளை அழுத்தினான். டீச்சர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாக.

பின்னாடி பெஞ்சுல ராசன் உக்காந்திருந்தான். ஒரு கண்ணை மூடி வெள்ளைத் துணி. வலது கை விரலு மூணு நீட்ட வராது. அவன் எந்திரிச்சு, எல்லாரும் கேக்க, என்னைப் பாத்துச் சொன்னான். 'இருபத்தாறு பிழைச்சுருச்சு மச்சான்.'

அவ்வளவுதான். உக்காந்துட்டான்.

எனக்கு அன்னைக்கு அவன் மேல வந்த கோவம் தம்பி, ஆனைப்பாருலகூட வரலை. அவனை யாரு கேட்டது?

நாலு வருசம் போட்டாக. இருந்தேன். வெளிய வந்ததும் முதல் வேலையா டீச்சரோட காலேஜுக்குப் போனேன். அவுக படிப்பை முடிச்சு வேற ஊருக்கு வேலைக்குப் போயி மூணு வருசம் ஆச்சுன்னாக. எழுதின புத்தகம் லைப்ரரியில இருக்குன்னு காலேஜு வாட்ச்மேன் சொன்னாரு. லைப்ரரிக்காரரு சின்ன வயசு. நான் டீச்சருக்குச் சொந்தம்னு சொல்லிக் கேட்டேன். எடுத்துக் குடுத்தாரு. பெரிய புத்தகம், எல்லாம் இங்கிலீசு. நடுவுல கலரு படம். கம்பிச் சட்டத்துல பவளம் கட்டி வச்சு, ஒண்ணாம் மாசம், ஆறாம் மாசம், ஒரு வருசம்னு வரிசையா. கூடையில இருந்ததேதான். அட்டை நம்பரு தெரியுது. முதல் படத்துல வெள்ளை. கடைசிப் படத்துல தேன் நிறம். அடுத்த சித்திரை வெயிலையும் தாங்கிருச்சாம். சூட்டுல நிக்கிற பாசியை உள்ள சேத்துக்கிச்சுன்னு லைப்ரரிக்காரரு படிச்சுச் சொன்னாரு. நான் அங்கனயே உக்காந்து அழுதேன். நெசமாத்தான்.

முதல் பக்கத்துல நன்றி சொல்ற இடம் இருக்குமில்ல. அதுவும் இங்கிலீசுதான், கடைசியில ஒரே ஒரு வரி மட்டும் தமிழு. நானே வாசிச்சேன். ஒரு எழுத்து விடாம மனப்பாடம். 'ஆனைப்பாரில் உடைந்து கிடந்தவற்றை அன்று காலை காப்பாற்றிக் கொடுத்த ராசன் அண்ணனுக்கு.'

தப்பாப் போட்டுட்டாக தம்பி.

காப்பாத்தினது யாரு? அவன் கூடையோட கிளம்பப் போனப்ப தடுத்தது யாரு? நான் போகலைன்னா அந்த முப்பத்தி ஒண்ணும் என்ன ஆயிருக்கும்? டீச்சருக்கு அந்த நேரம் மனசு சரியில்லை, கையில கட்டு வேற, யாரையோ எழுதச் சொல்லியிருப்பாக, எழுதினவன் பேரை மாத்திப் போட்டுட்டான். அச்சுல வாறப்ப இப்படி நடக்கும்ல? எனக்கு டீச்சர் மேல வருத்தமே இல்லை. லைப்ரரிக்காரருகிட்டப் பேனா கேட்டேன், திருத்திட்டுப் போயிருறேன்னு. குடுக்க மாட்டேன்னுட்டாரு. மரியாதையாத்தான் கேட்டேன், ரெண்டு தடவை. மூணாவது தடவை அந்த ஆளு கையிலேருந்து பிடுங்க வேண்டியதாப் போச்சு. அதுல கண்ணாடிக் கதவு உடைஞ்சு அந்த ஆளுக்குக் கையெல்லாம் ரத்தம். நான் உடைக்கலை. கதவுக்குப் பக்கத்துல போயி நின்னது அந்த ஆளு. இப்ப அந்தக் காலேஜு வாசல்ல என்னை விட மாட்டாக.

உங்களை விடுவாக. நீங்க படிக்கிற பிள்ளை. அந்தப் புத்தகத்தை நீங்க எடுத்துத்தானே ஆகணும், உங்க படிப்பும் அதுதானே? முதல் பக்கம். ராசன்னு இருக்கிறதை அடிச்சுட்டு மேல நம்புவேல்னு எழுதுங்க. அண்ணன்னு இருக்கிறது இருக்கட்டும். அது சரிதான். எங்க, ஒரு தடவை எழுதிக் காட்டுங்க, எழுத்துப் பிழை இல்லாம. உங்க நோட்டுலயே எழுதுங்க.

என்ன அதுக்குள்ள எந்திரிக்கிறீக? பஸ்ஸு வந்தா ஹாரன் அடிப்பான், நான் சொல்றேன். மழை எங்க விட்டுச்சு? உக்காருங்க தம்பி.

கையை ஏன் இழுக்கிறீக? நான் மெதுவாத்தானே பிடிச்சிருக்கேன். எழுதுங்க.